“செர்ரி பிளாசம்னா ஷூ பாலிஷ்தானே?” - தொப்பூரிலிருந்து பெங்களூருக்குப் பூ பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை!

விடிகாலை 4 மணி. கணவாயில் லாரிகள் கியர் மாற்றி உறுமும் சத்தம் தொப்பூருக்குப் பழகிப்போன ஒன்று. அந்த வீட்டில் அன்றைக்கு அதையும் மீறி ஒரு சத்தம் கேட்டது, கடுகு வெடிக்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக இவ்வளவு சீக்கிரம் அடுப்பு பற்றவைத்ததற்குக் காரணம், பெங்களூரிலிருந்து வந்த 20 விநாடி வீடியோ.

பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் மகள், வேலை முடிந்து திரும்பும்போது தெருவில் எடுத்து அனுப்பியது அது. ஓர் இலைகூட இல்லாத மரம். ஆனால், உச்சி முதல் கிளை நுனி வரை ரோஜா நிறப் பூக்கள். கீழே தார்ச் சாலையே தெரியாத அளவுக்குப் பூ. தொப்பூரில் ஆயா வீட்டில் தங்கி ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி, அதைப் பார்த்ததும் சொன்ன வார்த்தை, “ஐ... செர்ரி பிளாசம்!”

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா நிமிர்ந்து பார்த்தார். “செர்ரி பிளாசம்னா ஷூ பாலிஷ்தானே கண்ணு?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு தலைமுறைக்கே அந்தப் பெயர் வட்டமான தகர டப்பாவில் வரும் கறுப்பு பாலிஷ்தான். ஜப்பான், பூ, வசந்த காலம் எல்லாம் பிறகு வந்தவை. பேத்திக்கோ கார்ட்டூன் பார்த்துப் பார்த்து, மரத்தடியில் பாய் விரித்து டிபன் பாக்ஸ் திறக்கும் குடும்பங்கள் மனப்பாடம். “நாமளும் அப்படிப் போய் உக்காந்து சாப்பிடணும் ஆயா” என்று அவள் கேட்டபோது, ஆயா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

சொல்லிவிடவும் முடியாது. மாசி, பங்குனி என்றால் தர்மபுரிப் பக்கம் புளி சீசன். மரத்திலிருந்து உலுக்கிய புளியை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொட்டுவார்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் உட்காராவிட்டால் ஒரு நாள் காசு போச்சு. பஸ் செலவு தனி. ஆனால் பேரன், பேத்தி இரண்டு பேரும் தங்கள் அம்மா, அப்பாவைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். அடுத்து லீவு போட்டு வருவது கோயில் திருவிழாவுக்குத்தான். பூவை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, அங்கேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

“புளி எங்க ஓடிப்போவுது... நாளைக்கு ரெண்டு கூடை சேத்துத் தட்டிக்கலாம்” என்று ஆயாவே முடிவு கட்டினார். புதுப் புளியைக் கரைத்துப் புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வறுத்த வேர்க்கடலை. ஆடு, மாட்டைப் பார்த்துக்கொள்ள தாத்தா ஊரில் நின்றுகொண்டார். ஷூ பாலிஷ் மரத்தைப் போட்டோவில் பார்த்துக்கொள்வாராம்.

யாரும் இறங்காத ஊர்

தொப்பூரைத் தெரியாத லாரி டிரைவர் தென்னிந்தியாவில் இருக்க முடியாது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இறங்கும் கணவாய்ச் சாலை இது. வளைவும் சரிவும் சேர்ந்து வருவதால் பிரேக் பிடிக்காமல் போகும் கனரக வாகனங்கள் முன்னால் போகிறவர்கள் மேல் ஏறிவிடுகின்றன. 2020 டிசம்பரில் ஒரு லாரி மோதி, வரிசையாக நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பாலத்தின் மேல் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்த காட்சி சிசிடிவி வழியாக நாடு முழுக்கப் போனது. அப்போதும் 4 உயிர்கள். சரிவைக் குறைக்க உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருப்பதற்குக் காரணமும் இந்தக் கணக்குதான்.

அதனால் தொப்பூர் என்றால் எல்லோருக்கும் ‘கடந்து போக வேண்டிய இடம்’. ஜன்னலை ஏற்றிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, சீக்கிரம் தாண்டினால் போதும் என்று நினைக்கிற இடம். இருபுறமும் காடு இருப்பதும், சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் தொப்பையாறு அந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே மேட்டூர் அணையை நோக்கிப் போவதும், சித்திரை பிறந்தால் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குவதும், வெப்பாலை வெள்ளையாகப் பூப்பதும் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. ஊர்க்காரர்களுக்கோ அவையெல்லாம் விறகும் ஆட்டுத் தழையும் மருந்தும். வேடிக்கை பார்க்கும் பொருளாக யாரும் நினைத்ததில்லை.

யோசித்துப் பார்த்தால், பூவை மரத்திலேயே விட்டுவிட்டுப் பார்த்துவிட்டு மட்டும் வருவது நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நமக்குப் பூ என்றால் முழம். கூடை. கிலோ. பறித்து, தொடுத்து, சாமிக்குப் போட்டு, தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பூ விவசாயம் பெரிய தொழில். ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜா காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிறது. இவ்வளவு பூவுக்கு நடுவில் இருந்துகொண்டு பூ பார்க்க 150 கிலோமீட்டர் போகிறார்கள் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரித்தார்கள்.

ஆனாலும் விதிவிலக்குகள் உண்டு. 12 வருடத்துக்கு ஒரு முறை நீலக்குறிஞ்சி பூத்தால் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் கூட்டம் போகிறது. கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல். தொப்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஏற்காட்டில் கோடை விழா மலர்க் கண்காட்சி நடக்கிறது. அங்கே தொட்டியில் அடுக்கிவைத்த பூக்கள். மரம் தானாகக் கொட்டுவதைப் பார்ப்பது வேறு.

மாந்தோப்பு, ரோஜா, மெட்ரோ

தொப்பூரிலிருந்து தர்மபுரிக்கு டவுன் பஸ். ஆயாவுக்கும் பேத்திக்கும் மகளிர் கட்டணமில்லா டிக்கெட். தர்மபுரியிலிருந்து பெங்களூர் சுமார் 130 கிலோமீட்டர். ஞாயிறு காலை பஸ்ஸில் பாதிப் பேர் தூக்குச்சட்டியும் துணிப்பையுமாக வேலைக்குத் திரும்புகிறவர்கள். மானாவாரி நிலம், பொய்த்துப்போகும் மழை, பக்கத்திலேயே ஒரு பெரிய நகரம்... தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பெங்களூர் என்பது இரண்டாவது ஊர் மாதிரி. கட்டட வேலை, சென்ட்ரிங், பெயின்டிங், கார்மென்ட்ஸ், ஹோட்டல் என்று எங்கே போனாலும் ஊர்ப் பேச்சு காதில் விழும். பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிற குடும்பங்கள் நிறைய. அங்கே வாடகை கட்டி, பள்ளிக்கூடத்துக்கும் கட்டினால் கையில் ஒன்றும் நிற்காது.

கிருஷ்ணகிரி தாண்டும் வரை மாந்தோப்புகள் கூடவே வந்தன. பூ முடிந்து பிஞ்சு பிடித்திருந்த நேரம். ஆயா ஜன்னல் வழியாகவே, “இந்த வருசம் காப்பு பரவால்ல” என்று மதிப்பீடு சொன்னார். பேரன் ஓசூர் வரும் வரை தூங்கினான்.

எல்லை தாண்டிப் பெங்களூருக்குள் நுழைந்ததும் பொம்மனஹள்ளியில் மகள் நின்றிருந்தார். முதல் 5 நிமிடம் பூ, மரம் எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. பேரன் அம்மாவின் இடுப்பை விடவில்லை. ஏழாம் வகுப்புக்காரி, தான் பெரியவள் என்பதைக் காட்டிக்கொள்ள, பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். அப்புறம் அவளும் வந்து சாய்ந்துகொண்டாள்.

ஓசூர் ரோட்டில் 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓட ஆரம்பித்தபிறகு, இந்தப் பக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு ஊருக்குள் போவது சுலபமாகிவிட்டது. பொம்மனஹள்ளியில் ஏறி, ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தடத்துக்கு மாறினால் கப்பன் பார்க். டிரைவர் இல்லாமலேயே ஓடக்கூடிய ரயில் இது என்பதைப் பேரன் நம்பவே இல்லை. ஆர்.வி. ரோட்டைத் தாண்டி ஜெயநகர்ப் பக்கம் மெட்ரோ மேம்பாலத்தில் போகும்போதுதான் முதல் மரம் தெரிந்தது. மரங்களின் தலைக்கு மேலே ரயில் போவதால், பச்சைக் கூட்டத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ரோஜா நிற மேகம் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பேத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள். பெங்களூருக்குப் பூ பார்க்க வருகிறவர்கள் இந்தத் துண்டு வழியைத் தவறவிடக் கூடாது. கீழே நின்று பார்ப்பதைவிட இது அழகு.

செர்ரி இல்லை... பாதிரியின் சொந்தக்காரி!

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் பூப்பது செர்ரி மரமே அல்ல.

ஜப்பானின் சகுரா ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர் நன்றாக உறைக்க வேண்டும் அதற்கு. நம் நாட்டில் இமயமலைப் பக்கத்திலும் மேகாலயாவிலும் ஒரு வகைச் செர்ரி வளர்கிறது. ஷில்லாங்கில் அது பூப்பது வசந்தத்தில் இல்லை, நவம்பரில். அதற்கென்று 2016 முதல் விழாவே எடுக்கிறார்கள்.

பெங்களூர் மரத்தின் பெயர் டபேபுயா ரோசியா. சிலர் ‘வசந்த ராணி’ என்கிறார்கள். மெக்ஸிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை அதற்குச் சொந்த ஊர். எல் சால்வடார் நாட்டின் தேசிய மரமும் இதுவே. பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கும் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை, இலைகளை உதிர்த்துவிட்டு, ஊதுகுழல் வடிவத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. எல்லா மரமும் ஒரே நாளில் பூப்பதில்லை. ஒரு தெருவில் முடியும்போது அடுத்த தெருவில் ஆரம்பிக்கும். நல்ல கோடை மழை ஒன்று பெய்தால் மொத்தமும் தரைக்கு வந்துவிடும்.

இன்னொரு சுவாரஸ்யம், இந்த வெளிநாட்டு மரம் நமக்கு அந்நியமே இல்லை. தாவரவியல் கணக்கில் இது பாதிரி மரத்தின் குடும்பம். கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த, அந்தக் கோயிலின் தல விருட்சமான அதே பாதிரி. இரவில் மணக்கும் மரமல்லியும் அதே குடும்பம்தான். பாதிரிப் பூவையும் டபேபுயா பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுவிட்ட அக்கா, தங்கை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் பாதிரி இருக்கிறது. கொன்றை, இலவம், கோங்கம், பலாசம் எல்லாமும் இருக்கின்றன. வெயில் ஏறும்போது இலையைக் கொட்டிவிட்டு மொத்தமாகப் பூக்கும் வித்தை இலவத்துக்கும் கோங்குக்கும் பலாசத்துக்கும் நன்றாகவே தெரியும். இது சகுராவுக்கு மட்டும் சொந்தமில்லை.

பெங்களூர் இப்படி மாதத்துக்கு ஒரு நிறம் கட்டுவதன் பின்னால் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பரோடா மன்னரிடம் வந்து, பிறகு மைசூர் சமஸ்தானத்தில் லால்பாக்கின் பொறுப்பை ஏற்றவர். ஒரு மரம் பூத்து முடியும்போது அடுத்த வகை பூக்க ஆரம்பிக்க வேண்டும், வருடம் முழுக்க நகரத்தில் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சாலை மரங்களைத் தேர்ந்தெடுத்தார். 1956-ல் இறக்கும் வரை பெங்களூரிலேயே இருந்தார். லால்பாக் அருகே ஒரு சாலை அவர் பெயரில் இருக்கிறது.

அடுத்த பெரிய அலை 1980-களில் வந்தது. நகரம் வேகமாக வறண்டுகொண்டிருந்தபோது, வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் சில வருடங்களில் 15 லட்சம் மரக்கன்றுகளை நடவைத்தார். வெறுமனே நட்டுவிட்டுப் போகாமல், வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கேட்டு, அவர்கள் வாசலில் அவர்கள் விரும்பிய மரத்தை வைத்தார் என்பதுதான் விசேஷம். நம் வாசலில் நாம் கேட்டு வைத்த மரம் என்றால் தண்ணீர் ஊற்றாமல் இருப்போமா? இன்று தெருக்களில் நிழல் தரும் மரங்களில் பெரும் பங்கு அந்தக் காலத்தது.

“நான் பாத்தப்ப இதெல்லாம் கூண்டுக்குள்ள இருந்துச்சு!”

கப்பன் பார்க்குக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 1870-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 100 ஏக்கரில் அமைத்தது. இப்போது சுமார் 300 ஏக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வண்டிகள் ஓடக் கூடாது என்பதால், நகரின் நட்டநடுவில் இருந்தும் ஓர் அமைதி. சிவப்பு நிற நூலகக் கட்டடம், மூங்கில் புதர்கள், நாய்களை நடக்கவைக்கும் இளைஞர்கள், கிடார் வைத்துக்கொண்டு ஒரு கும்பல், மரத்தடியில் கண் மூடிக் கிடக்கும் செக்யூரிட்டி யூனிஃபார்ம்காரர்.

பூத்த மரத்தடியில் ஒரே போட்டோ கூட்டம். ஒரு கல்யாண ஜோடியை நிற்கவைத்து, உதவியாளர் கை நிறையப் பூவை அள்ளி மேலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார். மரம் தானாகக் கொட்டுவது வீடியோவுக்குப் போதவில்லை போலிருக்கிறது.

கூட்டத்தைவிட்டு விலகி, கொஞ்சம் உள்ளே தள்ளி நின்ற ஒரு மரத்தடியில் துண்டை விரித்தார்கள். சென்ட்ரிங் வேலை பார்க்கும் மருமகனும் பாதி நாள் வேலையை முடித்துக்கொண்டு, சிமென்ட் கறை போகாத கையோடு வந்து சேர்ந்தார். மாமியாரைப் பார்த்ததும், “வாங்கத்த... பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?” என்றார். பேரன் அவர் முதுகில் ஏறிவிட்டான்.

ஆயா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் இந்த ஊர்லதான் சித்தாள் வேலைக்கு இருந்தோம். ஜெயநகர்ப் பக்கம் வீடு கட்டற வேல. கல்லு சொமந்து, கலவ சொமந்து. அப்ப ரோட்டோரமா பூராவும் கன்னு வெச்சு கூண்டு போட்டிருப்பாங்க. மத்தியானம் சோறு திங்கறதுக்கு நெழலே இருக்காது. ‘இந்தக் கன்னு எப்ப வளந்து, எப்ப நெழல் குடுக்கறது’ன்னு உங்க தாத்தா சிரிப்பாரு. அப்புறம் மழ பேஞ்சுச்சுன்னு ஊருக்குப் போயிட்டோம்.”

“அப்ப இந்தப் பார்க்குக்கு வந்திருக்கியா ஆயா?”

“ஞாயித்துக்கெழமைதான் சந்தைக்குப் போகணும், துணி தொவைக்கணும். பார்க்குக்கு யாரு வந்தா? இதுவழியா லாரியில போயிருக்கோம். சாமான் ஏத்திக்கிட்டு.”

62 வயதில் முதல் முறையாக உள்ளே வந்திருக்கிறார். மகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்த நகரத்தில் 5 வருடமாக இருந்தும், கப்பன் பார்க்குக்கு அவர் வந்தது இது இரண்டாவது தடவைதான். வாரத்தில் 6 நாள் தையல் மெஷின். ஏழாவது நாள், ஆயா சொன்ன அதே துணி, அதே சந்தை.

சாப்பாட்டு மூட்டையைப் பேத்தி அவிழ்க்கப் போனபோது அம்மா தடுத்தார். “இங்க பிரிக்க விடமாட்டாங்க கண்ணு. வெளிய போய்ச் சாப்பிட்டுக்கலாம்.” பேத்தியின் முகம் தொங்கிவிட்டது. அவள் கனவே மரத்தடி டிபன் பாக்ஸ்தானே! ஆனால் குப்பைத்தொட்டி வழிந்து, பிளாஸ்டிக் தட்டுகள் புல்லில் பறக்கும் பூங்காக்களைப் பார்த்தவர்கள், இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். லால்பாக்கிலும் வெளி உணவுக்கு அனுமதியில்லை. பெங்களூருக்குக் கட்டுச்சோற்றோடு பூ பார்க்கப் போகிறவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது உத்தமம்.

வழி கண்டுபிடித்தவர் மருமகன்தான். அவர் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடம் ஜெயநகர்ப் பக்கம். அந்தத் தெருவில் நிறைய மரம் இருக்கிறது என்றார். மறுபடி மெட்ரோ. அங்கே, ஓர் அமைதியான குடியிருப்புத் தெருவில், பூட்டியிருந்த வீட்டுக்கு எதிரே நடைபாதையில், முழுசாகப் பூத்த மரத்தடியில், ஐந்து பேரும் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். தயிர்ச்சோற்றில் ஒரு பூ விழுந்தது. பேத்தி அதை எடுக்கவிடவில்லை, போட்டோ எடுத்த பிறகுதான் எடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்து கன்னடத்தில் ஏதோ கேட்க, என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் தெரு 1980-களில் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும். ஆயா கலவை சுமந்த தெருவா என்று கேட்டால், “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, என்னான்னு சொல்றது” என்கிறார்.

மரம் இருக்கும்வரைதான் பூ

ஜப்பானில் இந்தப் பூப் பார்க்கும் பழக்கம் முதலில் அரண்மனைக்காரர்களுடையது. 18-ம் நூற்றாண்டில் தோகுகவா யோஷிமுனே என்ற ஷோகன், இன்றைய டோக்கியோவில் இருக்கும் அசுகயாமாவில் செர்ரி மரங்களை நட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, சாமானியர்களும் சாப்பாட்டோடு வர ஆரம்பித்தார்கள். பூக்கும் தேதியை அவர்கள் குறித்துவைத்திருப்பதும் ஆச்சர்யம். கியோட்டோவில் சுமார் 1,200 வருடக் கணக்கு இருக்கிறது. 2021-ல் மார்ச் 26 அன்றே பூ உச்சத்தைத் தொட்டது, அதுவரையிலான கணக்கிலேயே அதுதான் மிகச் சீக்கிரம். பூமி சூடாவதற்கு விஞ்ஞானிகள் காட்டும் சாட்சிகளில் அந்தப் பூவும் ஒன்று.

பெங்களூரில் பூவுக்கு ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. பாலம், சாலை அகலப்படுத்தல், மெட்ரோ என எதற்கும் முதலில் போவது மரம். 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை இரும்பு மேம்பாலம் கட்ட 812 மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மக்கள் சாலையில் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எல்லா மரத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

டபேபுயா மோகத்தில் தமிழ்நாட்டிலும் இப்போது நர்சரிகளில் அதைத் தேடுகிறார்கள். வீட்டு வாசலுக்கு அழகுதான். காட்டோரத்தில், மலையடிவாரத்தில் வைக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அங்கே பாதிரிக்கும் கொன்றைக்கும் புங்கனுக்கும்தான் முதல் உரிமை. நம்மூர் வண்டும் பறவையும் அவற்றோடுதான் காலங்காலமாகக் கணக்கு வைத்திருக்கின்றன.

மாலை 4 மணிக்கு மறுபடி பொம்மனஹள்ளி. பஸ் வந்து நின்றதும் பேரன் ஏற மறுத்தான். அழுதான். அப்பா அவனைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்து, “பரீட்ச முடிஞ்சதும் ரெண்டு பேரையும் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். லீவு பூரா இங்கதான்” என்றார். ஒற்றை அறையில் நாலு பேர் எப்படிப் படுப்பது என்று அவர் மனைவி அப்போது கேட்கவில்லை. பஸ் கிளம்பியதும் கேட்டிருப்பார். பேத்தி அழவில்லை. நோட்டுக்குள் வைத்திருந்த 3 பூக்களை எடுத்துப் பார்த்தாள், ஓரம் பழுப்பாகியிருந்தது, மறுபடி மூடிவைத்தாள்.

ஊர் வந்து சேர இரவு 9 மணி ஆகிவிட்டது. கணவாயில் லாரிகள் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தன. தாத்தாவுக்கு போட்டோக்களைக் காட்டினார்கள். “கூண்டுக்குள்ள இருந்துச்சே, அதா இது?” என்றார். ஆயா பதில் சொல்லாமல் புளிக் கூடையை இழுத்து வைத்தார்.

மறுநாள் காலை, வாசலில் ஆயா விளக்குமாறோடு நின்றார். பங்குனி பிறந்து சில நாள்தான். வாசல் புங்கமரம் புதுத் தளிர் விட்டு, இரவெல்லாம் பூவைக் கொட்டியிருந்தது. வெள்ளையும் லேசான ஊதா கலந்த ரோஜா நிறமுமாக, பொரி இறைத்த மாதிரி, திண்ணை முதல் ரோடு வரை. வருடா வருடம் கொட்டுவதுதான். வருடா வருடம் கூட்டி அள்ளி எருக்குழியில் போடுவதுதான்.

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த பேத்தி நின்றாள்.

“ஆயா, கூட்டாத. அம்மாக்கு வீடியோ எடுத்து அனுப்பணும்.”

“எடு, எடு. சீக்கிரம் எடு. புளிக்காரன் வண்டி வந்துரும்.”

தாத்தா திண்ணையிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டார், பூ நசுங்காமல் இருக்க.